நான் ஆடிய போங்காட்டம்

1

ஜெனி எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆனதற்கு ரெஜினா கேக் செய்தாள். ரெஜினா என் மனைவி. ஜெனி எங்கள் மகள். பெற்ற மகள் வந்து ஒரு வருடம் ஆவது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூடி மூடி வைத்து எனக்கே அலுத்துவிட்டது.

ரெஜினா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது ஜெனிக்கு இரண்டு வயது முடியவில்லை. சில மாதங்கள் கழித்து, தேனாம்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த கூரியர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நானும் இங்கே வந்துசேர்ந்தேன். இங்கே குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டால் காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது இடம் என்றார்கள். ரெஜினாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். எனக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, அதுவும் ஷிஃப்ட். இங்குள்ள நம் ஆட்கள் பலர் செய்வதையே நாங்களும் செய்தோம். குழந்தையை ஊரில் விட்டுவைத்தோம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இருக்கும் என் தம்பி சேவியர் வீட்டில். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னோம். இரண்டு வருடம் ஆனது.

சேவியருக்கும் ஸ்டெல்லாவுக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. ஒரு கைக்குழந்தையையும் ஜெனியையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது என்று அவர்கள் தங்கள் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. ரெஜினாவிடம் ஸ்டெல்லா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

கேக்குக்கு வருகிறேன். யாருக்குப் பிறந்தநாள் என்று ஜெனி கேட்டாள். நீ இங்கே வந்த நாள் என்றோம். மேலே இருந்த க்ரீமை மட்டும் வழித்துத் தின்றாள். சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டலாமா என்று ரெஜினா போனை எடுத்ததும் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி உள்ளே போய்விட்டாள். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்து, வந்த நாளிலிருந்து அவள் சித்தப்பாவோடு பேசுவதே இல்லை. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று ரெஜினாவிடம் நான் சொல்லிவைத்திருந்தேன். அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இதை இங்கே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2

சேவியர் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நாங்கள் சாந்தோமில் வளர்ந்த காலத்திலேயே தெருவில் எந்த ஆட்டம் நடந்தாலும் அவன்தான் நடுவில் நிற்பான். நான் ஒப்புக்குச் சப்பாணி. பிடித்தாலும் அவுட் இல்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. படிக்கிற பையன், கையைக் காலை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டில் எனக்கு அப்படி ஒரு சலுகை.

ஜெனிக்குச் சோறு ஊட்டுவதற்கு சேவியர் ஒரு பஸ் விட்டான். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் நான்கையும் வரிசையாகப் போட்டு, கழுத்தில் விசிலோடு கண்டக்டராக நிற்பான். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு வாய். கோட்டூர்புரத்தில் கிளம்பினால் அடையாறில் இரண்டு பேர் ஏறுவார்கள், இந்திரா நகரில் ஒரு பாட்டி மீன்கூடையோடு ஏறுவாள், திருவான்மியூர் டெர்மினஸ் வருவதற்குள் கிண்ணம் காலியாகியிருக்கும். வண்டி நிறைய ஆள் ஏறியாச்சு என்று ஜெனி வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். இதையெல்லாம் நான் போனில் பார்த்தேன். கிடங்கில் டீ குடிக்க விடுகிற பதினைந்து நிமிடத்தில், ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவில், ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து.

நானும் ஏறட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். சேவியர் போனை மூன்றாவது நாற்காலியில் சாய்த்து வைத்தான். ஜெனி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவனிடம், “போன் அப்பாவுக்கு டிக்கெட் குடுக்கணுமா சித்தப்பா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது ஸ்டாப்பில் எனக்கு நேரம் முடிந்துவிட்டது, வேலைக்குத் திரும்பினேன்.

அவளுக்கு ஐஸ்பாய்தான் உயிர். வெளியூர்க்காரர்கள் கண்ணாமூச்சி என்பார்கள், எங்கள் பக்கம் ஐஸ்பாய். சுவரில் முகத்தைப் புதைத்து இருபது வரை எண்ணுவாள். அவ்வளவுதான் எண்ணத் தெரியும். சேவியர் ஆறடி உயரம். அந்த இரண்டு அறை வீட்டில் எங்கே ஒளிய முடியும்? கதவுக்குப் பின்னால் காலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியாக அந்தக் காலைப் பிடிப்பாள். கண்டுபிடிக்க நேரமானால் அவனே வெளியே வந்துவிடுவான். அது அவன் வைத்திருந்த சட்டம். குழந்தை தேடிக்கொண்டே இருக்கக் கூடாதாம், பயந்துவிடுமாம். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கும் அதே சட்டம்தான் என்றான்.

3

ஒருவழியாக விசாவுக்கு விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, எங்கள் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், எல்லாம் கொடுத்தோம். அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். இரண்டு வருடமாகக் குழந்தை உங்களோடு இல்லை, உறவு தொடர்ந்து இருந்ததற்கு என்ன ஆதாரம்? ஒன்றாக இருக்கும் புகைப்படங்கள் இருந்தால் அனுப்பலாம்.

எங்களிடம் இருந்ததெல்லாம் வீடியோ அழைப்பின் ஸ்க்ரீன்ஷாட்டுகள். அதிலும் பாதியில் மூலையில் என் நெற்றி மட்டும் தெரியும். விண்ணப்பத்துக்கு நடுவில் பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தோம். அப்போது நான் ஒரு வேலை செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர் கடற்கரைக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். பையில் எனக்கு மூன்று சட்டை, ரெஜினாவுக்கு மூன்று சுடிதார், ஜெனிக்கு நான்கு கவுன். வெவ்வேறு நாளில் எடுத்ததுபோல் இருக்கட்டும் என்று. காருக்குள் உட்கார்ந்து உடை மாற்றினோம். மணல்வீடு கட்டுவதுபோல் ஒன்று, அலையில் தூக்கிப் பிடிப்பதுபோல் ஒன்று, பட்டம் விடுவதுபோல் ஒன்று. பட்டம் மேலே போகவே இல்லை, நூலை மட்டும் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தோம்.

ஜெனி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். வெயில், மூன்றாவது கவுனின் கழுத்து அரித்தது. படம் எடுத்தது சேவியர். அவன் ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, விசிலை மூக்கால் ஊதினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உடனே எடு எடு என்றேன்.

பதினேழு படங்கள் அனுப்பினோம். விசா கிடைத்தது. அந்தப் படங்களை இப்போதும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நானும் ரெஜினாவும் குழந்தையைப் பார்க்கிறோம், குழந்தை படம் எடுக்கிறவனைப் பார்க்கிறது. அதிகாரிகள் அதைக் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

4

ரெஜினாவுக்கு விடுப்பு கிடைக்காமல் நான் மட்டும் அழைத்துப்போக வந்தபோது எனக்கு ஒரே கவலை, மீனம்பாக்கத்தில் அவள் சித்தப்பாவை விடமாட்டேன் என்று கத்தினால் என்ன செய்வது என்பது. விமான நிலையத்தில் பயணிகளைத் தவிர வேறு யாரையும் வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள். இவர் என் அப்பா இல்லை என்று குழந்தை ஊரைக் கூட்டினால் இமிக்ரேஷனில் என்ன நினைப்பார்கள், விமானம் போய்விட்டால் என்ன ஆகும், இப்படியெல்லாம் யோசித்தேன். அதனால் ஒரு யோசனை சொன்னேன். யோசனை என்னுடையது. போனில் கேட்ட ரெஜினா மறுக்கவில்லை. சேவியர் வேண்டாம் என்றான். உண்மையைச் சொல்லிக் கூட்டிப்போ, அழட்டும், அழுதால் என்ன என்றான். நீ பேசுவாய், இருபது மணி நேரம் அவளை வைத்துக்கொண்டு பயணம் போகிறவன் நான் என்றேன். அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் சொன்னால் முடிந்தது.

காலை நேரம். வாசலில் வரிசை. ஜெனி என் தோளில் இருந்தாள். சேவியர் சித்தப்பா ஐஸ்பாய் ஆடப்போகிறார், நீ என் தோளில் முகத்தைப் புதைத்து எண்ணு என்றேன். உடனே புதைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று என் சட்டைக்குள் சூடாக எண்ணினாள். நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவள் பதினொன்று சொன்னபோது உள்ளே வந்துவிட்டோம். இருபது முடித்துத் தலையைத் தூக்கி, “சித்தப்பா, வரேன்” என்று கத்தினாள்.

அன்றைக்கு அவள் தேடியதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். பெட்டி போடுகிற கவுண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இமிக்ரேஷன் வரிசையில் உயரமான ஆட்களின் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்தாள். விமானத்தில் எங்கள் வரிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பாத்ரூம் கதவைத் திறக்கச் சொன்னாள், திறந்து காட்டினேன். விமானம் மாறிய ஊரில் நாற்காலி வரிசைகளுக்குக் கீழே தவழ்ந்து போனாள். ஒவ்வொரு தடவையும் நான் என்ன சொன்னேன் என்றால், இங்கே இல்லையா, அப்போ அடுத்த இடத்தில் இருப்பார். கடைசியில் புது வீட்டில் இருப்பார் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து எல்லா அலமாரியையும் திறந்தாள். மூன்று நாள் திறந்தாள். சலவை இயந்திரத்தின் கதவையும்.

நான்காம் நாள் தேடவில்லை. அப்பாடா, சரியாகிவிட்டாள் என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

5

ஒரு வருடம் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பழகினோம் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நானும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அடையாறு, தேனாம்பேட்டை, திருவான்மியூர் என்று கூப்பிட்டேன். “தேனாம்பேட்டை அந்தப் பக்கம் இருக்கு” என்று சொல்லி இறங்கிவிட்டாள். எட்டு வருடம் வேலை பார்த்த இடத்தை நான் அந்த வழியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். விளையாட வைப்பது எப்படி என்று இணையத்தில் பெற்றோருக்கான வீடியோக்கள் பார்த்து, வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் என்று ஃப்ரிட்ஜில் அட்டவணை ஒட்டினேன். மாவு உருட்டினோம், இலைக்கு வண்ணம் பூசினோம். அவள் மரியாதையாகக் கலந்துகொண்டாள். அரை மணி ஆனதும், முடிஞ்சுதாப்பா என்று கேட்பாள்.

தமிழ் குறைந்தது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அயர்லாந்து ராகத்தோடு வந்தது. என் ஆங்கிலத்தைத் திருத்தினாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. நான் சோபாவில் உட்கார்ந்தால் அவளாக வந்து மடியில் ஏற ஆரம்பித்தாள். முதல் தடவை நான் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன், இறங்கிவிடுவாளோ என்று.

கேக் வெட்டிய அதே வாரம் பள்ளியில் குடும்ப விளையாட்டுக் காலை என்று ஒன்று. பெற்றோர் வந்து தங்கள் ஊர் ஆட்டம் ஒன்றை வகுப்புக்குக் கற்றுத்தர வேண்டும். நான் ஐஸ்பாயைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு நினைவிருந்தது அதுதான். வகுப்புக்கு முன்னால் ஜெனியை அழைத்து, சுவரைப் பார்த்து எண்ணச் சொன்னேன். மாட்டேன் என்றாள். மற்ற பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து என் உள்ளங்கையால் அவள் கண்ணைப் பொத்தினேன். கடித்துவிட்டாள். பல் பதிந்தது.

பிறகு ஆசிரியை என்னைத் தனியாக அழைத்தார். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்துக்கு வர உட்கார்ந்தேன். ஜெனி இந்த ஒரு வருடமும் எந்த ஆட்டத்திலும் கண்ணை மூடவில்லை, ஜெபத்தின்போதுகூடத் திறந்தபடிதான் இருக்கிறாள் என்றார். காரணம் கேட்டாராம். சித்தப்பா போங்கு என்றாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்.

ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் மறக்கவில்லை. அவளுடைய கணக்கில் சித்தப்பா ஒளிந்துகொண்டார், அவர் வைத்த சட்டத்தை அவரே மீறி வெளியே வராமல் இருந்துவிட்டார். ஒரு வருடமாக அவர் மேல் கோபமாக இருக்கிறாள்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். உன்னை ஏமாற்றியது சித்தப்பா இல்லை, நான் என்று. ஒரே ஒரு வாக்கியம். வீட்டுக்கு வந்ததும் கடித்த இடத்துக்கு அவளே பிளாஸ்திரி கொண்டுவந்து ஒட்டினாள், ஒட்டிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தாள். நான் சொல்லவில்லை. மடி காலியாகிவிடும் என்று பயந்தேன். தம்பிதானே, தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

6

ஈஸ்டர் விடுமுறைக்குச் சென்னை வந்தோம். கோட்டூர்புரம் வீட்டு வாசலில் ஜெனி ரெஜினாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேவியர் ஓடிவந்து தூக்கவில்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வா ஜெனி என்று மட்டும் சொன்னான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டெல்லா அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

ஸ்டெல்லாவிடம் மறுநாளே ஒட்டிக்கொண்டாள். தலை பின்னச் சொன்னாள், அவளோடு தூங்கினாள். அவனிடம் மட்டும் இல்லை. அவன் நீட்டிய தட்டை வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாள். ஒரு காலையில் அவன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தனியாகக் கண்டக்டர் வேலை பார்த்தான். ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து ஸ்டாப் பெயர்களைக் கூவினான். ஜெனி வாசற்படியில் நின்று கடைசி வரை பார்த்தாள், ஏறவில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும் பக்கத்திலிருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனோம். ரெஜினாவும் ஜெனியும் குழந்தைகள் பகுதிக்குள் போனார்கள். நானும் சேவியரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஆசிரியை சொன்னதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன்.

“தெரியும்ணா. போன புதுசுல, நீ வேலைக்குப் போயிருந்தப்ப, போன்ல ஒரு தபா திட்டினா. நீ போங்கு, வர மாட்டேன்னுட்டா.”

நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எம்மேல கோவமா இருந்தா உங்கூட சீக்கிரம் ஒட்டிக்குவான்னு நெனச்சேன். புது ஊரு, புது வீடு. உங்க மேலயும் கோவப்பட்டா அது யார்கிட்டண்ணா போகும்?” ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு பாத்தேன். வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. என்னால முடியலண்ணா.”

என் தம்பி என்னிடம் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன மனிதன் நான் என்று இருந்தது.

மறுநாள் அவன் பள்ளிக்குப் போயிருந்தான். பரீட்சை நேரம். ஜெனி சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நானும் உள்ளே நுழைந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று முதல் நாளிலிருந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

“ஜெனி, ஏர்போர்ட்ல சித்தப்பா போங்காட்டம் ஆடல. நான்தான் ஆடினேன்.”

அவள் பென்சிலை நிறுத்தவில்லை.

“சித்தப்பாவை உள்ள விட மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னை எண்ணச் சொன்னேன்.”

“சித்தப்பாவுக்கு?”

“அவருக்கும் தெரியும். வேணாம்னாரு. நான் கேக்கல.”

“அவரு எங்க ஒளிஞ்சாரு?”

“ஒளியவே இல்ல. தள்ளுவண்டிங்க இருக்கற எடத்துல நின்னுட்டிருந்தாரு. அழுதாரு.”

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“உன்னைத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன்.”

பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு வலது கைச் சுண்டுவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டி, “கா” என்றாள். இந்த அடுக்ககத்துப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது. சுண்டுவிரல் காட்டிக் கா விட்டால் பேச்சு கிடையாது, பழம் விடும் வரைக்கும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். கா விட்டவள் எப்படிப் பதில் சொல்வாள்? பென்சில்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சாப்பிட அழைத்தும் வரவில்லை. சேவியர் மூன்றரை மணிக்கு மாடிப்படி ஏறி வந்தான். இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அவன் முன்னால் போய் நின்றாள்.

“சித்தப்பா, நான் ஏரோப்ளேன் பாத்ரூம்லகூட தேடினேன்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஷூவோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அவளைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பி.டி. மாஸ்டர், இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவன், எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். தேடினியாடா, தேடினியாடா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஆமா, எல்லா எடத்துலயும் என்றாள் அவள்.

7

திரும்பும்போது எந்த ஆட்டமும் இல்லை. நான்கு நாள் முன்பே சொன்னோம். எத்தனை மணிக்குக் கார் வரும், எந்த வாசல் வரை சித்தப்பா வரலாம், அதற்கு மேல் ஏன் முடியாது, எல்லாம். மீனம்பாக்கத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தினாள். நான் ஒரு வருடத்துக்கு முன்னால் பயந்தது அப்படியே நடந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அவளைப் பார்த்து, சித்தப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் ஓரமாக நின்று மெதுவாக வாங்க என்றார். அவ்வளவுதான். இதற்குப் பயந்தா அத்தனை பெரிய பொய்யைச் சொன்னேன் என்று இருந்தது. உள்ளே போயும் அழுதாள், விமானம் ஏறும் வரை அழுதாள். நான் தூக்கியபோது முகத்தில் அடித்தாள். சும்மா இரு என்று நான் சொல்லவில்லை.

இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. கா இன்னும் அப்படியே இருக்கிறது. மடியில் ஏறுவதில்லை. என்னிடம் ஏதாவது ஆக வேண்டுமென்றால் ரெஜினா வழியாகச் செய்தி வரும். அப்பாவைப் பால் எடுக்கச் சொல்லு. அப்பாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுகிறாள், நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இங்கிருந்து அவள் கண்டக்டர், அங்கே அவனும் ஸ்டெல்லாவும் பயணிகள். நான் ஏறட்டுமா என்று கேட்பதில்லை.

போன ஞாயிறு கூடத்தில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவுக்குக் கிளம்ப வேண்டும், அப்பாவை ஷூ கட்டச் சொல்லு என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு ஜெனி காலை நீட்டினாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் லேஸைக் கட்டினேன். போனில் சேவியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“ஜெனி, பாவம்டா அப்பா. எனக்காகப் பழம் விட்டுடேன்” என்றான்.

அவள் போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“நீ இதுல வராத சித்தப்பா. இது எனக்கும் அப்பாவுக்கும்.”

நான் நிமிரவில்லை. ஒரு லேஸ் முடிந்திருந்தது. அவளே அடுத்த காலை என் கையில் எடுத்து வைத்தாள்.